கை நோகாத பிடி

புதுத் துப்பாக்கி வந்த மாதத்திலிருந்து சிவரஞ்சினியால் மகளுக்கு இரட்டைப் பின்னல் போட முடியவில்லை. வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதை கறுத்து வீங்கியிருந்தது. மயிரைப் பிரித்து இறுக்கினால் வலி முழங்கைவரை ஏறும். நாலு வயது லக்சிகா கண்ணாடியைப் பார்த்து இது கோணல், அது கோணல் என்று பிரெஞ்சில் சிணுங்குவாள். "இண்டைக்கு இது காணும், செல்லம்" என்று ஒற்றைக் குடுமியாக அள்ளிக் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி, புறநகரான லா கூர்னெவுக்குப் போய்விடுவாள்.

அங்கே கிடங்குகளுக்கு நடுவில் இருந்த ஒரு நிறுவனத்தில்தான் அவளுக்கு வேலை. கடைகளிலிருந்தும் வங்கிகளிலிருந்தும் பணப் பைகளை ஏற்றிவரும் கவச வண்டி ஒன்றில் அவள் காவலாள். வண்டியை ஓட்டுவது மர்கரீத் என்ற ஐம்பது வயதுப் பெண். பையைத் தூக்க இன்னொருவர். அவருக்கு இரண்டடி பின்னால், இடுப்பில் ரிவோல்வரோடு நடக்க வேண்டியது சிவரஞ்சினியின் பொறுப்பு.

ஐந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு பாரிசுக்கு வந்தவள் அவள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் தெருக்களில்தான் வளர்ந்தாள். படிப்பு முடிந்து நான்கு வருடம் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் இரவுக் காவல் நின்றாள். பிள்ளை பிறந்த பிறகு இரவு வேலை ஒத்துவரவில்லை. பயிற்சி எடுத்து, விசாரணைகள் எல்லாம் முடிந்து, ஆயுதம் வைத்திருக்கும் அனுமதியும் கிடைத்து இந்தப் பகல் வேலைக்கு வந்தாள். தாய் கமலராணிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. தெரிந்தவர்கள் கேட்டால், "மகள் செக்யூரிற்றியிலை நிக்கிறா" என்பதோடு கதையை மாற்றிவிடுவார்.

அவளுடைய கணவன் துஷ்யந்தனின் விஷயம் வேறு. அவன் வன்னிக்காரன். சண்டை முடிந்து மூன்று வருடம் கழித்து, பத்தொன்பது வயதில், தனியாக வந்து சேர்ந்தவன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு தமிழ் உணவகத்தில் சமையல். அதிகம் பேசமாட்டான். ஊரில் என்ன நடந்தது என்று கலியாணமான புதிதில் அவள் ஒருமுறை கேட்டாள். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை. கவச வண்டி வேலை கிடைத்ததைச் சொன்னபோது, தண்ணீர்க் குழாயடியில் நெடுநேரம் கை கழுவிக்கொண்டு நின்றான்.

"செய்யும். நான் மறிக்கேல்லை. ஆனால் அந்தச் சாமானைப் பற்றி வீட்டிலை கதைக்க வேண்டாம்."

அவளும் கதைத்ததில்லை. துப்பாக்கி நிறுவனத்தின் ஆயுத அறையிலேயே பூட்டிக் கிடக்கும். சீருடையும் அங்கேயே தொங்கும். வீட்டுக்கு வருவது சிவரஞ்சினி மட்டும்தான். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

2022ஆம் ஆண்டு கோடைக்குப் பின் நிறுவனம் பழைய ரிவோல்வர்களை மாற்றியது. பழையது கனமான உருக்கு. நாள் முழுக்கச் சுமந்தால் இடுப்பு நோகும். ஆனால் சுடும்போது அந்தக் கனமே அதிர்ச்சியை உள்ளே வாங்கிக்கொள்ளும். புதியது பாதி எடைகூட இல்லை. அதில் போடும் ரவையோ முன்னையதைவிட வலுவானது. முதல் நாள் சுடுதளத்தில் விசையை இழுத்தபோது, யாரோ சுத்தியலால் உள்ளங்கையில் அடித்தது போலிருந்தது. கைப்பிடி வழுவழுப்பான மரம். ஒவ்வொரு வெடிக்கும் அது மேலே துள்ளி, அதன் முதுகுப் பக்கத்து இரும்பு பெருவிரல் இடுக்கில் குத்தியது. விசையைச் சுற்றியிருக்கும் வளையம் நடுவிரலின் மூட்டில், மொளியில், மோதியது.

பெரிய கை உள்ள ஆண்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். சிவரஞ்சினியின் கை சின்னது. மூன்றாவது பயிற்சியில், விசையை இழுப்பதற்கு முன்னரே கண்கள் தாமாக மூடிக்கொண்டன. வலி வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. குண்டுகள் எல்லாம் இலக்காக நிறுத்தியிருந்த கடதாசி உருவத்தின் காலடிக்குக் கீழே போயின. அந்த வருடத்துச் சுடுதளத் தேர்வில் அவள் தவறினாள். மூன்று வாரத்தில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் வண்டியிலிருந்து இறங்க வேண்டியதுதான். மறுபடியும் சூப்பர் மார்க்கெட் வாசல், மறுபடியும் இரவு வேலை.

மர்கரீத்துக்கு அவள் கை போன போக்கைக் கண்டு பொறுக்கவில்லை. அவளை நேரே ஆயுத அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இவளிடம் பிழையில்லை, பிடியில்தான் பிழை. என்னுடையதையும் போன தடவை மாற்றித்தானே தந்தீர்கள்?" என்று பொறுப்பாளரிடம் சண்டைக்கு நின்றாள்.

பொறுப்பாளர் தாடையைச் சொறிந்துகொண்டு ஒரு பெட்டியைத் திறந்தார். மூன்று சோடி மாற்றுப் பிடிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பருத்த, மெத்தென்ற ரப்பர். விரல்களுக்கென்று பள்ளம் வெட்டியது. இன்னொன்று வாதுமை மரம், கையில் வழுக்காதபடி கட்டம் கட்டமாகச் செதுக்கியது. பார்க்க நகை போலிருந்தது. மூன்றாவது சின்னது, கறுப்பு, ஒரு வடிவுமில்லாத அரைக் கடின ரப்பர்.

"வெறும் பிடிதான், ஆயுதம் இல்லை. கொண்டுபோய் ஆறுதலாகக் கையில் வைத்துப் பார். எது சரியென்று செவ்வாய்க்கிழமை வந்து சொல். நான் பூட்டித் தருகிறேன்."

அவற்றைச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோகும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ரயிலில் பையை மடியில் வைத்திருந்தபோது, துஷ்யந்தன் சொன்ன சொல்லை மீறுகிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. அந்தத் தேர்வில் தவறினால் பிள்ளையை இரவில் யார் பார்ப்பது என்ற ஒரே யோசனைதான் அவளுக்கு.

திங்கட்கிழமை துஷ்யந்தனுக்கு ஓய்வு. லக்சிகாவைக் கமலராணி கூட்டிக்கொண்டு போயிருந்தார். அவன் சமையலறையில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். சிவரஞ்சினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் பிடிகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் இறுக்கிப் பார்த்தாள். மெத்தென்ற ரப்பர் சுகமாக இருந்தது. அதுதான் சரியென்று முடிவு கட்டிய நேரத்தில் கதவு திறந்தது.

"புளி காணுமோ எண்டு ஒருக்காப் பாரும்." அகப்பையோடு உள்ளே வந்தவன், கட்டிலைக் கண்டதும் அப்படியே நின்றான். "உது என்ன?"

"ஒண்டுமில்லை. வேலையிடத்துச் சாமான். இப்ப எடுத்து வைக்கிறன்."

அவன் போகவில்லை. அகப்பையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கையைக் காட்டும்."

காட்டினாள். அவன் கறுத்த இடத்தைத் தொடாமல் சுற்றிவரப் பார்த்தான்.

"வண்டிக் கதவு அடிச்சது எண்டெல்லோ சொன்னீர்?"

"நீங்கள்தானே கதைக்க வேண்டாம் எண்டு சொன்னீங்கள்."

அவன், அவள் தெரிவு செய்து வைத்திருந்த பருத்த ரப்பர் பிடியை எடுத்தான். அவள் கையில் வைத்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டான்.

"இது வேண்டாம். இப்ப மெத்தெண்டுதான் இருக்கும். ஆனால் முதுகுப் பக்கம் தடிப்பு. உம்மடை சுட்டுவிரல் விசைக்கு எட்டாது, நுனிதான் தொடும். எட்ட வைக்க மணிக்கட்டைத் திருப்புவீர். பிறகு உதை நேரே கைக்கு வராமல் பெருவிரல் எலும்பிலை போய் விழும்." அவளுடைய நடுவிரலை மெல்லத் தட்டினான். "இஞ்சை பாரும், விரல் பள்ளத்துக்கை நிக்கேல்லை, மேட்டிலை நிக்குது. ஆரோ ஒரு பெரிய ஆம்பிளையின்ரை கைக்கு வெட்டின பள்ளம்."

மரப் பிடியை எடுத்து, ஒருதரம் விரலால் தடவிவிட்டு ஒதுக்கினான். முதுகில் இரும்பு வெறுமையாக இருக்கும், செதுக்கல் தோலை உரிக்கும் என்றான். மூன்றாவதை எடுத்தபோது அவன் குரல் தாழ்ந்தது.

"இதுதான். மெல்லிசு, ஆனால் முதுகு இரும்பை மூடுது. வளையத்துக்குப் பின்னாலை இருக்கிற இடைவெளியை அடைக்குது, மொளியிலை அடிபடாது. பள்ளமில்லை, உம்மடை விரல் தனக்கு வேண்டின இடத்திலை நிக்கும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. சமையலறையிலிருந்து குழம்பு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. அவள் ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினாள். திரும்பி வரும்போது அவன் வழக்கம் போல வாயை மூடிக்கொண்டிருப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் அதே இடத்தில் இருந்தான். பிடி கையிலேயே இருந்தது.

"எனக்கு அப்ப பதினைஞ்சு. ரியூசன் முடிஞ்சு சைக்கிளிலை வந்த என்னை இயக்கக்காரர் றோட்டிலை மறிச்சு ஏத்திக்கொண்டு போட்டாங்கள். காம்பிலை எங்களை மாதிரிச் சின்னப் பெடியள் கனபேர். பழைய பிஸ்டல் ஒண்டு. மாறி மாறிச் சுடச் சொல்லுவாங்கள். என்ரை கைக்கு அது அடங்காது. உமக்குக் கறுத்துக் கிடக்கிற இடம் எனக்கு வெடிச்சு ரத்தம் வந்தது. இரவிலை எல்லாரும் அழுவம். வீட்டை ஓடுவம், எப்பிடி ஓடலாம், அதுதான் கதை."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்கை ஒரு கால் ஏலாத ஆள் இருந்தவர். நல்ல மனுசன். அழுகிறதைக் கண்டிட்டுக் கையைக் காட்டெண்டு கேட்டார். நூலாலை அளந்தார். பிடியைச் சீவி, சைக்கிள் ரியூப்பை வெட்டி மேலை சுத்தித் தந்தார். இப்ப உமக்குச் சொன்னதெல்லாம் அவர் எனக்குச் சொன்னதுதான். அடுத்த நாள் சுட்டன். நோகேல்லை."

அவன் பிடியைக் கட்டிலில் வைத்தான்.

"அண்டைக்கு இரவு சந்தோசமா நித்திரை கொண்டனான், ரஞ்சினி. நோ இருக்குமட்டும் வீட்டுக்கு ஓடோணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். நோ போனதோடை அந்த நினைப்பும் போட்டுது. பிறகு சுடச் சொன்ன இடமெல்லாம் சுட்டன். இஞ்சை அகதிக் கேஸ் குடுக்கேக்கையும் பங்கர் வெட்டக் கொண்டு போனவங்கள் எண்டுதான் சொன்னனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சிவரஞ்சினி அவன் தோளில் கையை வைத்தாள். அவன் எழுந்து போய், அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கத் தொடங்கினான்.

செவ்வாய்க்கிழமை அவள் கறுப்புப் பிடியைக் கொடுத்தாள். பொறுப்பாளர் பழைய மரத்தைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினார். சுடுதளத்தில் முதல் வெடிக்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். துப்பாக்கி துள்ளியது. ஆனால் கைக்குள்ளேயே துள்ளி, கைக்குள்ளேயே அமர்ந்தது. உதை ஓரிடத்தில் குத்தாமல் உள்ளங்கை முழுக்கப் பரவியது. நாலாவது, ஐந்தாவது வெடிக்கெல்லாம் கண்கள் திறந்தே இருந்தன. தேர்வு நாளில் கடதாசி உருவத்தின் நெஞ்சில், ஒரு கோப்பைத் தட்டால் மூடிவிடக் கூடிய அளவுக்குள் அத்தனை துளைகளும் விழுந்தன. மர்கரீத் அவளைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

சிவரஞ்சினி சிரித்தாள். ஆனால் அந்த உருவத்தைப் பார்க்கப் பார்க்க, நோவில்லாமல் நித்திரை கொண்ட ஒரு பதினைந்து வயதுப் பெடியன்தான் மனதில் வந்தான். வீங்கின இடம் வற்றியது, கறுப்பு மஞ்சளாகி மறைந்தது. வேலையில் எந்தக் குறையும் இல்லை. அவளுக்குத்தான் உள்ளுக்குள் ஏதோ சரியில்லை. முன்பெல்லாம் துப்பாக்கி இடுப்பில் இருப்பது ஒவ்வொரு அடியிலும் தெரியும், ஒரு தொந்தரவு போல. இப்போது அது இருப்பதையே மறந்துவிடுகிறாள். வீதியில் யாராவது வேகமாக நடந்தால், கை தானாகப் போய் அந்த ரப்பரில் தங்கும்.

நவம்பர் மாதம் ஒரு காலை, ஆர்ஜொந்தெய் ஊரில் ஒரு கடையின் பின்வாசல். மழை. பை தூக்குபவர் முன்னே போக, அவள் பின்னால் நடந்தாள். ஒரு ஸ்கூட்டர் சறுக்கிக்கொண்டு வந்து நின்றது. கறுப்புத் தலைக்கவசம் போட்ட ஒருவன் இறங்கி, சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு அவர்களை நோக்கி ஓடிவந்தான்.

எப்போது எடுத்தாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வந்து அவன் நெஞ்சுக்கு நேராக நின்றது. கை ஆடவில்லை. "நில்" என்று கத்தியது தன் குரல்தான் என்று பிறகுதான் விளங்கியது.

அவன் சட்டைக்குள்ளிருந்து எடுத்தது கைபேசி. அது ஈரத் தரையில் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் பையன். விலாசம் கேட்கத்தான் ஓடிவந்திருக்கிறான். முழங்காலில் விழுந்து, இரண்டு கையையும் தூக்கி, "மதாம், மதாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். தலைக்கவசத்துக்குள் அவன் கண்கள் தெரிந்தன. இருபது வயதுகூட இருக்காது.

நிறுவனத்துக்குத் திரும்பியதுமே விசாரித்தார்கள். கமெராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, விதிப்படி எல்லாம் சரியாகச் செய்தாய், பதற்றமே இல்லை, புதியவர்களுக்கு இதைக் காட்டலாம் என்று மெச்சினார். அவள் நன்றி சொல்லிவிட்டுத் துப்பாக்கியை ஆயுத அறையில் ஒப்படைத்தாள்.

அன்றைக்கு அவள் துஷ்யந்தனின் உணவகத்துக்கே நேராகப் போனாள். மத்தியானக் கூட்டம் முடிந்து, பின்வாசலில் அவன் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"இண்டைக்கு எடுத்திட்டன்," என்றாள்.

எதை என்று அவன் கேட்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தான்.

"சுட்டனீரோ?"

"இல்லை. ஒரு டெலிவரிப் பெடியன். போனைத்தான் எடுத்தவன்."

"விரல் எங்கை இருந்தது?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். மழை, தலைக்கவசம், நீட்டிய தன் கை. "வெளியிலை. விசையிலை வைக்கேல்லை. வளையத்துக்கு வெளியிலைதான் நீட்டிக்கொண்டு இருந்தது."

துஷ்யந்தன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. உள்ளேயிருந்து யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வாறன், ஒரு நிமிசம்" என்று கத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அப்ப பரவாயில்லை. நீர் இன்னும் அந்தப் பக்கம் போகேல்லை."

வேலையை விடு என்று அவன் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அவளாகவேதான் மேலதிகாரியிடம் போய், வண்டியிலிருந்து இறக்கிக் கமெரா அறையில் போடுங்கள் என்று கேட்டாள். அவருக்கு விளங்கவில்லை. இவ்வளவு நன்றாகச் சுடுகிற ஆள் ஏன் உள்ளே உட்கார வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். பிள்ளையைக் காரணம் காட்டினாள். மர்கரீத்துக்குக் கோபம். ஒரு நாள் முழுக்க வண்டியில் பேசவில்லை.

"நீ பின்னால் நடந்தால் எனக்குப் பயமே இருப்பதில்லை," என்றாள் கடைசியில்.

"எனக்கும் பயம் இல்லை மர்கரீத். அதுதான் பிரச்சினை."

மர்கரீத் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.

இளவேனில் வந்தபோது மாற்றம் கிடைத்தது. இப்போது அவள் லா கூர்னெவில் பன்னிரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, வண்டிகள் போய் வருவதைப் பார்க்கிறாள். சலிப்பான வேலை. சில நாட்களில், திரையில் யாராவது வண்டியை நோக்கி வேகமாக நடந்தால், மேசைக்குக் கீழே அவள் வலது கை மூடிக்கொள்கிறது. அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை, துஷ்யந்தனைத் தவிர. அவன் அது போகக் கனகாலம் எடுக்கும் என்றான். தனக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை என்றும் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் லா ஷப்பலில் மரக்கறி வாங்கப் போனார்கள். புறநகரிலிருந்து வந்த சனம் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. கடைக்கு முன்னால் வெண்டிக்காய்ப் பெட்டியில் கையை வைத்து நுனி முறித்துக்கொண்டிருந்த துஷ்யந்தன், சட்டென்று நிறுத்தினான்.

"சிவமணி எண்டு ஒருத்தன் காம்பிலை எங்களோடை நிண்டவன்," என்றான். "வெண்டிக்காயை அவனுக்குக் கண்ணிலை காட்டக் கூடாது. தன்ரை பங்கை எல்லாம் எனக்குத்தான் போடுவான்."

அவள் அவனுடைய முழங்கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு வெளியே இழுத்தாள். "பிறகு?" என்றாள்.

அவன் நடந்துகொண்டே சொன்னான். சில இடங்களில் நிறுத்தினான். மெத்ரோப் பாலத்துக்குக் கீழே வந்தபோது மேலே ரயில் போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, சிவமணிக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லி முடித்தான். வீட்டுப் படியில் ஏறும்போதுதான், இரண்டு பேரும் வெறும் பையோடு வந்துவிட்டது தெரிந்தது.